விருத்தாசலத்தில் எடுத்த இரண்டாவது சீட்டு

விருத்தாசலம் சந்திப்பில் நான் இறங்கியபோது காலை பத்து மணி தாண்டியிருந்தது. என்னோடு இறங்கியவர்களில் பாதிப் பேர் சேலம் வண்டியைப் பிடிக்க அடுத்த நடைமேடைக்கு ஓடினார்கள். மீதிப் பேர் சாவகாசமாக வெளியே நடந்தார்கள். எல்லோருக்கும் போகும் இடம் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் வருவதுதான் எனக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை.

கொடுத்தவன் மதிவாணன். நான் செய்தி ஆசிரியராக இருந்த நாளிதழில் என் கீழ் வேலை பார்த்தவன். இணையத்தில் உள்ள பயண வழிகாட்டிகள் மேல் அவனுக்குத் தீராத கோபம். ‘பார்க்க வேண்டிய பத்து இடங்கள்’ என்பதைப் படித்துவிட்டுப் போகிறவன் ஊரைப் பார்ப்பதில்லை, பட்டியலைச் சரிபார்த்துவிட்டுத் திரும்புகிறான் என்பது அவன் கட்சி. அதனால் ‘கால்போக்கு’ என்று ஒரு செயலி செய்திருந்தான். அதில் நட்சத்திர மதிப்பீடு கிடையாது. பட்டியல் கிடையாது. ஓர் ஊரில் இறங்கித் திறந்தால், ஜோசியக்காரரின் கிளி போல ஒரே ஒரு சீட்டை எடுத்துக் கொடுக்கும். அதில் ஒரு வரி இருக்கும். அதன்படி நடக்க வேண்டும். நடந்து முடித்ததும் நாம் ஒரு படமும் ஒரு வரியும் போட வேண்டும். அது நமக்குப் பின்னால் வருகிறவருக்குச் சீட்டாகிவிடும்.

“வழிகாட்டியை நாம எழுதவே கூடாதுக்கா. போறவங்க எழுதட்டும்” என்றான்.

செயலி வெள்ளோட்டத்தில்தான் இருந்தது. ஓர் ஊரில் நடந்து பார்த்துக் குறை சொல்லச் சொன்னான். விருத்தாசலத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். பழமலைநாதர் கோயில், பீங்கான் தொழில் என்று இரண்டே வரியில் பட்டியல்கள் கடந்துபோகும் ஊர் அது.

நிலையத்து வாசலில் முதல் சீட்டு வந்தது. ‘கையில் தாளோடு போகிறவர்களின் பின்னால் போங்கள்.’ சுற்றிலும் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலோடு போனார்கள், பையோடு போனார்கள். தாளோடு ஒருவரும் இல்லை. ஆட்டோக்காரர் ஒருவரிடம் சீட்டைக் காட்டினேன்.

“தாளா? பிராது கட்டப் போறவங்களச் சொல்றாங்க மேடம். கொளஞ்சியப்பர் கோயிலு. மணவாளநல்லூருல இருக்குது. நூத்தி இருவது குடுங்க.”

போகும் வழியில் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “என்னா பிரச்சனை மேடம், சொத்தா?”

“பிரச்சனை ஒன்றும் இல்லை. சும்மா பார்க்கத்தான்.”

“சும்மாவா?” அவர் கண்ணாடியைச் சரிசெய்தார். “எங்க ஊரு வெயிலுக்குச் சும்மா வர்ற மொத ஆளு நீங்கதான்.”

கொளஞ்சியப்பர், முருகன். இங்கே உருவம் இல்லை, கல் மட்டும். வீட்டில் நகை திருட்டுப் போனாலும், தம்பி பேசாமல் போனாலும், குடிக்கிற கணவன் திருந்த வேண்டுமென்றாலும், மக்கள் அவரிடம் புகார் எழுதிக் கொடுக்கிறார்கள். அதற்குப் பெயர் பிராது. யார், எந்த ஊர், யார் மேல் புகார், என்ன நடந்தது என்று வெள்ளைத் தாளில் எழுதி, சாமி முன் வைத்து, மடித்து, முனியப்பர் சன்னதியில் உள்ள வேலில் நூலால் கட்டிவிடுகிறார்கள். தொண்ணூறு நாளுக்குள் தீர்ப்பு கிடைக்கும் என்பது நம்பிக்கை. கிடைத்ததும் திரும்பி வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும்.

கட்டணத்தில்தான் என் பத்திரிகைக் கண் நின்றது. புகார்காரரின் ஊர் கோயிலிலிருந்து எத்தனை கிலோமீட்டரோ, அதைக் கணக்கிட்டுத்தான் வசூல். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் கருவேப்பிலங்குறிச்சி விவசாயி. மோட்டார் திருடு போயிருந்தது.

“எத்தன கிலோமீட்டரு?” என்று உள்ளிருந்து கேட்டார்கள்.

“பஸ்ஸு வழியா, குறுக்கு வழியா?”

“எந்த வழின்னு நீங்கதான் சொல்லணும்.”

“சாமி எந்த வழியில வருதோ அந்த வழிக்குப் போடுங்க. வந்து வெசாரிச்சா சரி.”

வரிசையே சிரித்தது. அவர் ரசீதை வாங்கிக்கொண்டு திரும்பியதும், தூரத்தைக் குறைத்துச் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“ஊர மாத்திச் சொன்னா வழக்கு நிக்காதுங்க. போலீசுகிட்ட மாத்தலாம், ரேசன் கடையில மாத்தலாம். இங்க முடியாது.”

வேலில் நூற்றுக்கணக்கான மடித்த தாள்கள், கொத்துக் கொத்தாக, வெயிலில் பழுத்துத் தொங்கின. படம் எடுக்கக் கைபேசியைத் தூக்கினேன். விவசாயி பக்கத்தில் வந்து நின்று சொன்னார். “மடிச்சத எடுங்க. ஒண்ணு ரெண்டு காத்துல பிரிஞ்சிருக்கும். பிரிஞ்சத எடுக்காதீங்க.”

அப்படியே எடுத்தேன். போட்டேன். மதி செய்தது நல்ல செயலி என்று அப்போது நினைத்தேன். எந்தப் பட்டியலும் என்னை இந்த வரிசையில் நிறுத்தியிருக்காது.

இரண்டாவது சீட்டில் படம் இருந்தது. மரப்பலகையில் வெள்ளைப் பீங்கான் பொம்மைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் ஓர் இளம்பெண்ணின் முகம். கையில் மெல்லிய தூரிகை. யாரோ கூப்பிட்டது போலப் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறாள். வெளிச்சம் சரியாக விழுந்திருந்தது. முதல் பக்கத்தில் நாலு பத்தி அகலத்துக்குப் போடலாம். கீழே ஒரு வரி: ‘பொம்மைக்குக் கண் திறக்கும் இந்தப் பெண்ணைக் கண்டுபிடியுங்கள்.’

நகரப் பேருந்தில் திரும்பினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பேருந்து நிலையத்தில் இறங்கி, பூக்கடையில் படத்தைக் காட்டினேன். தெரியவில்லை. அகல் விளக்கும் பீங்கான் யானையும் விற்கும் கடையில் காட்டினேன். கடைக்காரர் பொம்மைகளைப் பார்த்துவிட்டு, “இது எந்த யூனிட்டு சரக்குன்னு சொல்ல முடியாதுங்க, அச்சு எல்லாம் ஒண்ணுதான்” என்றார். பீங்கான் கூடங்கள் இருக்கும் பக்கம் போகும் சாலையில் ஒரு டீக்கடை. டீ பன்னிரண்டு ரூபாய். கடையை நடத்துபவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். பெயர் சாந்தி. படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

“நேத்திக்கும் ரெண்டு பேரு போன்ல இதே போட்டோவக் காட்டிக் கேட்டாங்க” என்றபடி பாலை ஆற்றினார். “நீங்க யாரு, சொந்தமா?”

“இல்லைங்க. ஊர் சுற்றிப் பார்க்க வந்தேன். இவங்க பொம்மைக்குக் கண் வரைவாங்களாமே.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கரண்டியால் திசையைக் காட்டி வழி சொன்னார். நேற்று வந்த இரண்டு பேரைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. வேறு இரண்டு பயணிகளும் இந்தச் சீட்டை எடுத்திருக்கிறார்கள், செயலி வேலை செய்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

தகரக் கூரை போட்ட நீண்ட கூடம் அது. ஒரு பக்கம் பெரிய தொட்டியில் களிமண் கூழ். அதை அச்சில் ஊற்றி, சிறிது நேரம் விட்டு, மிச்சத்தை வடித்துவிடுகிறார்கள். அச்சின் உட்சுவரில் ஒட்டிக்கொண்ட தோல்தான் பொம்மை. அது காய்ந்து சூளைக்குப் போகிறது. இன்னொரு பக்கம் ஆறு பெண்கள் உட்கார்ந்து வண்ணம் தீட்டினார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்தவளை உடனே அடையாளம் கண்டேன். கலா என்று வைத்துக்கொள்ளலாம்.

கூடத்தின் முதலாளி ஜெசிந்தா. மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டிருந்தார். பத்திரிகையில் இருந்தவள், சும்மா பார்க்க வந்தேன் என்று சொன்னேன். பார்க்கத்தானே, பாருங்க என்று ஒரு ஸ்டூலைத் தள்ளினார்.

கலா ஒரு பொம்மையைத் தூக்கி, மூச்சைப் பிடித்து, ஒரு கண்ணை எழுதினாள். பிறகு மற்றது. “கண்ணு கடைசிலதான்க்கா எழுதணும். எழுதிட்டா அது நம்மள பாக்க ஆரம்பிச்சுடும். அப்புறம் அழிச்சு எழுத மனசு வராது.”

பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். “இவ எழுதுற பொம்மையெல்லாம் நம்மள எங்க பாக்குது? எல்லாம் வாசலையே பாக்குது. யாரோ வரப்போற மாதிரி.”

பார்த்தேன். உண்மைதான். மற்றவர்களின் பொம்மைகள் நேராகப் பார்த்தன. கலாவின் பொம்மைகளுக்குக் கருவிழி ஓரத்தில் இருந்தது.

“உங்களை எனக்கு முன்னாலேயே தெரியும்” என்று சொல்லி, கைபேசியை அவள் பக்கம் திருப்பினேன்.

நான் எதிர்பார்த்தது வெட்கம். அதிகபட்சம் கோபம். அவள் கையில் இருந்த தூரிகை பொம்மையின் கன்னத்தில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு கீழே விழுந்தது. முகத்திலிருந்து ரத்தம் வடிந்துபோனது என்ற வரியைச் செய்திகளில் நான் எத்தனையோ முறை அடித்து நீக்கியிருக்கிறேன். அன்றைக்குப் பார்த்தேன்.

“இது எங்கேருந்து வந்துச்சு உங்களுக்கு?”

சொன்னேன். நல்லபடியாகச் சொல்வதாக நினைத்து இதையும் சொன்னேன்: “நேற்றுகூட டீக்கடையில் ரெண்டு பேர் இந்தப் படத்தைக் காட்டி உங்களை விசாரித்திருக்கிறார்கள்.”

“ஆம்பளைங்களா?”

தெரியவில்லை என்று சொன்னேன். அவள் கண் வாசலுக்குப் போனது. ஜெசிந்தா எழுந்து போய் வாசல் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். “ஏய், சூளைக்குப் போயி அவனக் கூட்டியா” என்று ஒருத்தியை அனுப்பினார்.

அதன் பிறகு எனக்குச் சொல்லப்பட்டது சுருக்கமானது. கலாவும் சூளையில் வேலை பார்க்கும் அவள் கணவனும் வேறு வேறு சாதி. பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஊரைவிட்டு வந்து சில மாதங்கள் ஆகின்றன. அவள் அண்ணன் தேடிக்கொண்டிருக்கிறான். கண்டுபிடித்தால் என்ன செய்வேன் என்று அவள் கணவனின் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இங்கே அவளுக்குப் பழைய பெயர் இல்லை, பழைய ஊர் இல்லை.

“போன வாரம் வெளக்கு வாங்குற பார்ட்டிகூட ஒரு தம்பி வந்து போட்டோ புடிச்சுச்சு. பொம்மையத்தான் எடுக்கிறேன்னு சொல்லிச்சு” என்றார் ஜெசிந்தா. எனக்கு முன்னால் செயலியோடு வந்தவன் அவனாகத்தான் இருக்க வேண்டும்.

மதிக்குப் போன் செய்தேன். ஒரே கேள்விதான் கேட்டேன். விருத்தாசலத்தில் இந்தச் சீட்டை எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள்?

தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. “நீங்க ஒருத்தர்தான்க்கா.”

“சரியாகப் பார்.”

“பார்த்துட்டேன். நீங்க மட்டும்தான்.”

“அப்படியானால் நேற்று இங்கே இந்தப் படத்தோடு வந்த ரெண்டு பேர் யார்?”

மதியின் குரல் இறங்கி வந்தது. “படம் நல்லா இருந்துச்சுக்கா. நாலு நாள் முன்னாடி, ஊர் பேரோட, விளம்பரத்துக்காக எல்லாரும் பாக்குற பக்கத்துல போட்டோம். நிறையப் பேரு பகிர்ந்தாங்க.”

அவன் அதை நீக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பகிர்ந்தவர்களிடம் இருப்பதை நீக்க அவனால் முடியாது. இதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜெசிந்தா கத்தவில்லை. “பேப்பர்ல இருந்தேன்னு சொன்னீங்க. அங்க ஒருத்தங்களப் பத்தி எழுதுனா, பேரு போடலாமான்னு கேப்பீங்கல்ல?”

“கேட்போம்.”

“இங்க மூஞ்சியவே போட்டு, கண்டுபுடின்னு வேற எழுதியிருக்கீங்க.”

முப்பது வருடம் தலைப்புகளைத் திருத்தியவள் நான். அந்த வரியைக் காலையில் படித்தபோது எனக்கு அதில் ஒரு தவறும் தெரியவில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒளிந்து வாழும் ஒரு பெண் எங்கே இருக்கிறாள் என்று மூன்று கடைகளில் கேட்டுவிட்டு வந்திருந்தேன். அந்த இரண்டு பேர் நேற்று செய்ததும் நான் இன்று செய்ததும் ஒரே வேலை.

கலாவின் கணவன் வந்து நின்றான். கை முழுக்க வெள்ளைத் தூசி. அவன் என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். அவளிடம், “சாப்ட்டியா?” என்று மட்டும் கேட்டான். இவர்கள் எந்த ஊர் என்று, பழக்கத்தில், என் வாயில் வந்துவிட்டது.

“அத இந்த ஊர்ல ஒருத்தருக்குத்தான்க்கா சொல்லியிருக்கேன்” என்றாள் கலா. “கொளஞ்சியப்பருக்கு. பிராது கட்டப் போனப்ப எத்தன கிலோமீட்டருன்னு கேட்டாங்க. பக்கத்து ஊருன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். பொய் சொன்னா வழக்கு நிக்காதாம். அதான் நெஜத்தச் சொல்லிக் கட்டுனேன்.”

“என்ன எழுதினீர்கள்?”

“எங்க அண்ணன் மனசு மாறணும்னு. வேற எதுவும் எழுதல. அவனுக்குக் கெடுதல் எதுவும் கேக்கல.”

நேற்று வந்தவர்களிடம் டீக்கடையில் என்ன சொல்லியிருந்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருந்தது. வழி சொல்லியிருந்தால் அவர்கள் எந்த நிமிடமும் வரலாம். ஜெசிந்தா என்னைப் பார்த்தார். நான் போனேன். காலையில் நடந்துவந்த அதே சாலை. எதிரே வந்த ஒவ்வொரு பைக்கிலும் எத்தனை பேர் என்று பார்த்தபடி நடந்தேன்.

சாந்தி கடையில் கூட்டம் இல்லை. நேற்று கேட்டவர்களுக்கு என்ன சொன்னீர்கள் என்றேன்.

“தெரியாதுன்னு சொன்னேன்.”

“உண்மையாகவா?”

“ஏம்மா, ரெண்டு ஆம்பளைங்க ஒரு பொம்பளப் புள்ள போட்டோவ வச்சிக்கிட்டு எங்க இருக்கான்னு கேட்டா யாராவது சொல்லுவாங்களா? பஸ்ஸு ஸ்டாண்டு பக்கம் போயி கேளுன்னு அனுப்பிட்டேன். இன்னும் இங்கதான் சுத்துறானுங்க. காலைல பழமலைநாதர் கோயில் பக்கம் பைக்கப் பாத்தேன்.”

“எனக்கு மட்டும் ஏன் சொன்னீர்கள்?”

“நீங்க பொம்பளையா இருக்கீங்க. கண்ணாடி போட்டிருக்கீங்க. அதான் சொன்னேன்.” அவர் என் முகத்தைப் பார்த்தார். “ஏன், சொல்லியிருக்கக் கூடாதா?”

வழியில் போகிறவரை நம்பிப் பேசுங்கள் என்பதுதான் மதியின் செயலிக்கு அடிப்படை. அந்த நம்பிக்கை இந்த ஊரில் இருந்தது. யாரிடம் வைக்கலாம், யாரிடம் கூடாது என்று நிறுத்துப் பார்க்கும் தராசும் சாந்தியிடம் இருந்தது. அதை ஏமாற்றிவிட்டு உள்ளே போனது நான்தான்.

மூன்று மணிக்கு முன்னால் கூடத்தின் பின்பக்கம் சிறிய சரக்கு வண்டி ஒன்று வந்தது. குட்டி யானை என்பார்கள். வைக்கோல் வைத்துக் கட்டிய விளக்குப் பெட்டிகளை ஏற்றினார்கள். நடுவில் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார்கள். ஜெசிந்தா தனக்குத் தெரிந்த வக்கீலம்மா ஒருவரிடம் பேசியிருந்தார். முதலில் போலீஸ் பாதுகாப்புக்கு எழுதிக் கொடுப்பது, பிறகு வேறு ஊர். எந்த ஊர் என்று அவர் சொல்லவில்லை. இந்த முறை நான் கேட்கவில்லை.

பக்கத்து இடத்துக்காரி ஒரு பொம்மையைக் கொண்டுவந்து கலாவின் மடியில் வைத்தாள். கன்னத்தில் கோடு விழுந்த பொம்மை. “இத யாரு வாங்குவா? நீயே எடுத்துக்கிட்டுப் போ. போற எடத்துலயாவது நேரா பாக்குற மாதிரி எழுது.” சொல்லிவிட்டு அவள் அழுதாள். கலா அழவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். கலா தலையை அசைத்தாள். அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. பிறகு சொன்னாள்:

“தீர்ப்பு வந்தா பிராத வாபஸ் வாங்க வரணும்க்கா. அப்ப வருவேன். அதுக்கு முன்னாடி வர மாட்டேன்.”

“வந்தால் எனக்கு எப்படித் தெரியும்?”

“எதுக்குத் தெரியணும்?”

தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். வெளியிலிருந்து பார்க்க, விளக்கு ஏற்றிப் போகும் வண்டி. இந்த ஊரில் தினமும் பல போகின்றன. சாலைக்குத் திரும்பியதும் மற்ற வண்டிகளோடு கலந்துவிட்டது.

மாலை ரயிலுக்கு நேரம் இருந்தும் பழமலைநாதர் கோயிலுக்கு நான் போகவில்லை. சாந்தி பார்த்த பைக் அந்தப் பக்கம் நின்றிருக்கலாம். நடைமேடையில் செயலி மூன்றாவது சீட்டை எடுக்கவா என்று கேட்டது. மூடினேன்.

சென்னை திரும்பியதும் மதியும் நானும் இரண்டு நாள் உட்கார்ந்து பேசினோம். செயலியை மூடிவிடலாம் என்றான். வேண்டாம் என்றேன். கருவேப்பிலங்குறிச்சி விவசாயியின் பின்னால் என்னை நிறுத்தியதும் அதே செயலிதான். இப்போது அதில் முகங்கள் கிடையாது. எந்தச் சீட்டும் யாரையும் தேடச் சொல்லாது. ஒரு திசையைச் சொல்லும், ஒரு பேருந்தைச் சொல்லும், ஒரு வாசனையைப் பின்தொடரச் சொல்லும். எதிரில் வருகிறவர் தானாகப் பேசினால் அது பயணியின் அதிர்ஷ்டம். படம் போடும் இடத்துக்கு மேலே ஒரு வரி வரும்: ‘மடிச்சத எடுங்க. பிரிஞ்சத எடுக்காதீங்க.’ சொன்னவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. கேட்கவில்லை.

சென்னையில் என் அடுக்ககத்தில் வாசலில் காவலாளி இருக்கிறார், கேமரா இருக்கிறது, வருகிறவர் கைபேசி எண்ணை எழுதிக்கொள்ளும் புத்தகம் இருக்கிறது. கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி ஒரு படத்தைக் காட்டி மாடி எண்ணைக் கேட்டால் அங்கேயும் சொல்லிவிடுவார்கள். இரண்டு ஆண்கள் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

இந்தக் கட்டுரையை எழுத ஜெசிந்தா மூலம் அனுமதி கேட்டேன். ‘எழுதட்டும், நானுன்னு தெரியக் கூடாது’ என்று பதில் வந்தது. ஆகவே வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இதில் உள்ள ஆட்டோக் கட்டணம் சரி. டீ விலை சரி. பிராது வழக்கம் நான் பார்த்தபடி, கேட்டபடி. ஆனால் அந்தப் பெண் பொம்மைகளுக்குக் கண் எழுதியவள் அல்ல. அவள் உட்கார்ந்திருந்தது கடைசியில் அல்ல. கடையும் கூடமும் நான் சொன்ன இடங்களில் இல்லை. பேருந்து நிலையத்திலிருந்து அந்தக் கூடம் எத்தனை கிலோமீட்டர் என்று எனக்குச் சரியாகத் தெரியும். அதை எழுதப்போவதில்லை.